டர்பனில் இளைஞர்கள் ஊர்வலம் நடத்துவது எப்படி?

1976 ஜூன் 16 அன்று ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிய, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த சொவெட்டோவின் மாணவர்களுக்குச் சட்டத்தின் துணை இல்லை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, நம் தில்லையாடி வள்ளியம்மை காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, விடுதலையான சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் உயிர் நீத்தாள். இன்று தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 17-ஆம் பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் ஊர்வலம் செல்லவும் மனுக் கொடுக்கவும் நமக்கு உரிமை தருகிறது. அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

முதல் வேலை, கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டண உயர்வே கூடாது என்று நின்றதால்தான், பத்தே நாட்களில், அடுத்த ஆண்டுக்கு உயர்வு கிடையாது என்று அதிபரே அறிவிக்க நேர்ந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் “தண்ணீர் வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்; எந்தத் தெருவுக்கு, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பில் என்று எழுதினால் அவரால் நழுவ முடியாது.

15 பேருக்கு மேல் கூடுவதாக இருந்தால், 1993-ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஏழு நாட்களுக்கு முன்பே மாநகராட்சியின் பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இது அனுமதி கேட்கும் விண்ணப்பம் அன்று; தகவல் மட்டுமே. அமைப்பாளர், துணை அமைப்பாளர் பெயர்களும் முகவரிகளும், நோக்கம், நாள், நேரம், வழித்தடம், எதிர்பார்க்கும் கூட்டம், ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள் எத்தனை பேர், அவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அதிகாரி பேச்சுவார்த்தைக்கு அழைக்காவிட்டால், அறிவித்தபடியே நடத்தலாம். அழைத்தால் தவறாமல் போங்கள். பேசி முடிவானதை எழுதி வாங்குங்கள். தடை விதித்தால் எழுத்தில் காரணம் கேட்டு, மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். அறிவிப்புக் கொடுக்கத் தவறியதையே குற்றமாக்கிய விதியை 2018-இல் அரசமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் அறிவிப்பைக் கைவிடாதீர்கள், வழியில் வண்டிகளை நிறுத்திக் காவல் தருவதற்கு அதுவே அடிப்படை.

தொண்டர்களை நிதானமானவர்களாகத் தேர்ந்தெடுங்கள். கலவரத்தில் சொத்து சேதமானால் நட்டஈட்டுப் பொறுப்பு அமைப்பாளர் தலையில் விழக்கூடும். முகமூடியும் கம்பும் வேண்டவே வேண்டாம்.

மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்லுங்கள். வாங்குபவர் உங்கள் பிரதியில் பெயர், பதவி, தேதியுடன் கையெழுத்திடட்டும். பதில் தர வேண்டிய நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்தும் பதில் வராவிட்டால், மறுநாளே அடுத்த ஊர்வலத்துக்கான அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.