வவுனியாவில் கிடந்த ஆர்கேட் பெட்டியைக் கிளிநொச்சியில் ஓட வைத்த கதை, செய்முறையோடு

போன வருடம் வவுனியாவில் ஒரு பழைய கடையைக் காலி செய்தார்கள். பின்பக்கக் களஞ்சியத்தில் ஓர் ஆர்கேட் பெட்டி, அதாவது காசு போட்டு வீடியோ விளையாட்டு ஆடும் பெட்டி, கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அடிப்பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் குளவிக்கூடு, ஒரு பக்கம் கறையான் ஏறிய தடம். இருந்தும் விட்டுவர மனம் வரவில்லை. நான் வளர்ந்த காலத்து வன்னியில் இரவு வெளிச்சம் என்றால் ஜாம் போத்தல் விளக்குத்தான். இப்படியொரு பெட்டியை முதன்முதலில் கண்டபோது எனக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. பட்டா வாகனம் ஒன்றைப் பிடித்து ஏ9 வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது அது விறாந்தையில் நிற்கிறது. பின்னேரமானால் ஒழுங்கைப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இதே வேலையில் இறங்க ஆசைப்படுபவர்களுக்காக, நான் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் கரண்ட் கொடுக்காதீர்கள்

பெட்டி வந்த ஆசையில் பிளக்கைச் செருகத்தான் கை போகும். பொறுங்கள். பின்கதவைத் திறந்து பவர் சப்ளையின் ஸ்டிக்கரை வாசியுங்கள். ஜப்பானில் 100 வோல்ற், அமெரிக்காவில் 120, நம்மிடம் 230. சிலவற்றில் 115/230 என்று மாற்றும் சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது தவறான பக்கத்தில் இருந்தால் முதல் நொடியிலேயே புகைதான்.

பழைய படக்குழாய் இருந்தால் அதில் கை வைக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் 20,000 வோல்ற்றுக்கு மேல் உள்ளே தங்கி நிற்கக்கூடும். ரீவி திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டு, மின்னை இறக்கிக் கழற்றித் தரச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

விளையாட்டு அடங்கியிருக்கும் சர்க்கிட் போர்ட் நல்ல நிலையில் இருந்தால் எறியாதீர்கள். 1985இல் வந்த ஜாமா என்ற இணைப்பு ஒழுங்கின்படி 56 முனை கொண்ட ஒரே செருகி பல விளையாட்டுகளுக்குப் பொருந்தும். அந்த வயரிங்குக்கே தனி மதிப்பு உண்டு. என் போர்டில் பற்றரி கசிந்து செப்புத் தடங்களைத் தின்றுவிட்டது. அதனால்தான் போர்டுக்குப் பதிலாகக் கணினியில் விளையாட்டுகளை ஓட்டும் வழிக்குப் போனேன்.

2. மரவேலை

ஊதிய எம்டிஎப் பலகையை (மரத்தூளை அழுத்திச் செய்தது) காயவைத்துச் சரிப்படுத்த முடியாது. கீழே 10 சென்றிமீற்றரை நேராக அறுத்தெடுத்து, அந்த இடத்தில் 18 மில்லிமீற்றர் பிளைவூட் வைத்தேன். அப்புறம் பெட்டி நிலத்தில் முட்டாதபடி அடியில் இரண்டு பனஞ்சலாகை. வைரம் பாய்ந்த கறுப்புப் பனையாகப் பார்த்து எடுங்கள். எங்கள் ஊர்க் கூரைகளைத் தாங்கி நிற்கிற மரம் அது, கறையான் லேசில் தொடாது. வேலிக்கட்டைக்குப் பூசுவதுபோல் கழிவு எண்ணெய் பூசலாமா என்றால், வீட்டுக்குள் வேண்டாம். மணம் மாதக்கணக்கில் போகாது.

3. கணினியும் திரையும்

எல்லோரும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் குட்டிக் கணினியை வாங்கச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மேசைக் கணினி. கரண்ட் சட்டென்று போகும் ஊரில் ராஸ்பெரி பையின் மெமரி கார்ட் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். கணினி பழுதானால் கிளிநொச்சியிலேயே திருத்தலாம். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோசில், மின்சாரம் வந்தவுடன் தானாக எழும்பும்படி அமைத்துவிடுங்கள். பிறகு சுவரில் இருக்கும் சுவிட்ச் ஒன்றே போதும். மென்பொருளுக்கு, பழைய விளையாட்டுகளை ஓட்டவே செய்த பட்டோசெரா. யூஎஸ்பி குச்சியில் ஏற்றினால் நேரே விளையாட்டுப் பட்டியலுக்குப் போய் நிற்கும். விளையாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் பதிப்புரிமை உள்ளவை. ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் திட்டத்தின் தளத்தில் கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்றவை வணிகமல்லாத பாவனைக்கு இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றோடு தொடங்குங்கள்.

அகலத்திரை வேண்டாம், படம் இழுபட்டுப் போகும். பழைய 19 அங்குலச் சதுர மொனிற்றர் கச்சிதமாக உட்காரும்.

4. பொத்தான்கள்: என்னை மறித்த இடம்

பழைய பொத்தான்களின் அடியில் மைக்ரோசுவிட்ச் இருக்கும். அதற்கு மூன்று கால்: பொதுக்கால், அமர்த்தினால் இணைவது, அமர்த்தினால் பிரிவது. நான் பொதுக்காலையும் மூன்றாவதையும் இணைத்துவிட்டேன். கணினியை எழுப்பியதும் பட்டியல் தானே ஓடத் தொடங்கியது. பொத்தான் எல்லாம் எப்போதும் அமர்ந்திருப்பதாக அது நினைத்துக்கொண்டது. குறை, பொத்தான் அமர்வதைக் கணினிக்குச் சொல்லும் யூஎஸ்பி என்கோடர் போர்டில் என்று நம்பி, கொழும்பிலிருந்து இன்னொன்று எடுப்பித்தேன். அதிலும் அதே கூத்து.

மல்ரிமீற்றரை 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு முனையைப் பொதுக்காலில் வையுங்கள், மற்றதை மீதி இரண்டிலும் மாறி மாறித் தொடுங்கள். அமர்த்தும்போது மட்டும் எது சத்தம் போடுகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய கால். காலின் இடம் சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறும், படத்தைப் பார்த்து நம்பாதீர்கள்.

அடுத்தது வயர் முனை. இங்குள்ள வாகன மின்கடைகளில் கிடைப்பது 6.3 மில்லிமீற்றர். அது இந்தச் சுவிட்சில் தளர்ந்து ஆடும். குறட்டால் நெரித்துப் போட்டேன். ஒரு கிழமையில் கழன்றது. பழைய பெரிய சுவிட்சுக்கு 4.8, ஜப்பான் வகைப் பொத்தானுக்கு 2.8. அளவைச் சொல்லியே வாங்குங்கள்.

எல்லாப் பொதுக்கால்களையும் ஒரே கறுப்பு வயரால் சங்கிலியாகக் கோக்கலாம். ஆனால் கடைசி முனையைத் திரும்பவும் போர்டுக்குக் கொண்டுவந்து வளையமாக முடியுங்கள். சங்கிலியாகவே விட்டால், நடுவில் ஓரிடம் கழன்றதும் அதற்குப் பிந்திய பொத்தான் ஒன்றும் வேலை செய்யாது.

ஜோய்ஸ்டிக்கில் இன்னொரு பொறி. கைப்பிடியை மேலே தள்ளினால், தண்டின் அடிமுனை எதிர்ப்பக்கம் சாய்ந்து கீழேயுள்ள சுவிட்சைத்தான் அமர்த்தும். ஆகவே 'மேல்' வயர் கீழ்ச் சுவிட்சுக்குப் போக வேண்டும். 1980இல் வந்த பக்-மேன் போன்றவற்றுக்கு நான்கு திசை போதும். எட்டுத் திசையில் விட்டால் மூலைகளில் சிக்கும். ஜோய்ஸ்டிக்கின் அடியிலுள்ள தகட்டைத் திருப்பி மாற்றலாம்.

கட்டுப்பாட்டுத் தட்டு இரும்பாக இருந்தால் கட்டாயம் எர்த் கொடுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று தொடும் இடம் அது. சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் மின்வேலைக்காரரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

5. அலங்காரம்

பக்கப்படத்துக்கு இரணைமடுக் குளத்து அந்தி வானத்தை நானே படம்பிடித்து, ஸ்டிக்கர் அடிக்கும் கடையில் கொடுத்தேன். ஒட்டும்போது சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழியைத் தள்ளி எடுக்கலாம். பலகை ஓரத்துக்குரிய பிளாஸ்ரிக் பட்டி இங்கே கிடைக்கவில்லை. வாகனக் கதவு ஓரத்து ரப்பர் அழகாகப் பிடித்துக்கொண்டது. நெற்றிப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் 12 வோல்ற் எல்இடி பட்டி, கணினிப் பவர் சப்ளையின் மஞ்சள், கறுப்பு வயர்களிலிருந்து.

பிற்சேர்க்கை: இரண்டு பேர் விளையாட ஒரே மாதிரி இரண்டு என்கோடர் போட்டால் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறுகிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் போட்டுப் பார்த்தேன், உண்மை. பட்டோசெராவில் வரிசையைக் குறித்துவைக்கலாம். ஆனால் ஐ-பாக் போல, இருவரின் பொத்தான்களையும் ஒரே போர்டில் கீபோர்ட்டாகக் காட்டும் வகைதான் என் தெரிவு.

இன்னொருவர், பெட்டிக்குள் பல்லி புகுந்து கணினி நின்றதாகச் சொன்னார். காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள், வெக்கை காலத்தில் உள்ளே கொதிக்கும். நுளம்புவலைக் கம்பியை வெட்டி உட்பக்கமாக ஸ்ரேப்பிள் அடித்து, மேலே 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றை வெளியே ஊதும்படி பூட்டுங்கள்.