குற்றவுணர்வைச் சொல்லும் 16 பக்க மங்கா: தொடங்குவோருக்கான செய்முறை

குற்றவுணர்வு, பரிகாரம், ஏற்பு ஆகிய மூன்றையும் ஒரே சிறுகதைக்குள் கொண்டுவரும் மங்காவை, அதாவது ஜப்பானியப் பாணிச் சித்திரக்கதையை, வரைய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானிய இதழ்களில் ஒரே தடவையில் தொடங்கி முடியும் இத்தகைய கதைக்கு யோமிகிரி என்று பெயர். கட்டம் பிரிக்கவும் உருவம் வரையவும் ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வரைந்து முடித்த கதையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வகுப்புப் பணம் இருந்த உறையை ஒரு மாணவன் எடுத்துவிடுகிறான். பழி அவனுடைய நண்பன் மேல் விழுகிறது. நண்பன் பள்ளியைவிட்டே போய்விடுகிறான். ஆண்டுகள் பல கடந்தபின், அந்த நண்பன் நடத்தும் சைக்கிள் கடையைத் தேடி இவன் போகிறான்.

படி 1: தவறை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அந்த வாக்கியம் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "நண்பனுக்குத் துரோகம் செய்தான்" என்பதை வரைய முடியாது. "உறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்" என்பதை வரையலாம்.

படி 2: குற்றவுணர்வுக்கு ஓர் உருவம் கொடுங்கள்

யோஷிடோகி ஓய்மாவின் 'கோஎ நோ கதாச்சி' என்ற மங்கா இதற்குச் சிறந்த பாடம். 2011இல் தனிக் கதையாக வெளிவந்து, பின்னர் 7 தொகுதிகளாக விரிந்த படைப்பு அது. காது கேளாத வகுப்புத் தோழியைத் துன்புறுத்திய நாயகனால் பிற்பாடு யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடிவதில்லை. எனவே மற்றவர்களின் முகங்கள் மேல் பெருக்கல் குறி ஒட்டியிருப்பதாக வரையப்பட்டிருக்கும். ஒரு முகத்திலிருந்து அந்தக் குறி கழன்று விழும்போது, எந்த விளக்கமும் இல்லாமலே வாசகருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

அந்தக் குறியை அப்படியே எடுத்தாளாதீர்கள். உங்கள் கதையின் தவறிலிருந்தே உருவத்தைத் தேடுங்கள். என் கதையில், உறையை எடுத்த வலது கை 3ஆம் பக்கத்திலிருந்து 11ஆம் பக்கம்வரை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது. வாசகர் அதைக் கவனித்தே ஆக வேண்டும் என்று நான் எங்கும் சுட்டவில்லை.

படி 3: நேம் போடுங்கள்

ஜப்பானிய ஓவியர்கள் நேம் என்று சொல்லும் முன்வரைவைச் சாதாரணத் தாளில் பென்சிலால் போட்டால் போதும். 16 பக்கங்களையும் முடிக்காமல் நல்ல தாளைத் தொடாதீர்கள்.

படி 4: மன்னிப்புக் கேட்கும் பக்கம்

பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில்தான் சரிகின்றன. என் முன்வரைவுகளும் இங்கேதான் முட்டி நின்றன. நாயகன் அழுகிறான், நண்பன் "பரவாயில்லை, மறந்துவிடு" என்று தோளைத் தட்டுகிறான் என்று எழுதினால், நண்பன் அனுபவித்த ஆண்டுகள் அனைத்தும் நாயகனின் நிம்மதிக்கான கருவியாகிவிடுகின்றன. மன்னிக்காமல் இருக்கும் உரிமையைத் தவறிழைக்கப்பட்டவருக்குக் கொடுத்த பிறகே ஏற்புக்கு மதிப்பு வரும் என்பது என் உறுதியான கருத்து.

வழி இதுதான். "பணத்தை எடுத்தது நான்தான்" என்ற வரியை 11ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வையுங்கள். ஒற்றைப்படைப் பக்கம் முடிந்ததும் வாசகர் தாளைப் புரட்டியாக வேண்டும். 12ஆம் பக்கத்தில் வசனமே வேண்டாம். முதல் கட்டத்தில் நண்பனின் முகத்தைக் காட்டாமல், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கை அசையாமல் நிற்பதை மட்டும் வரையுங்கள். அடுத்த கட்டத்தில் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிய டியூபிலிருந்து குமிழ்கள் எழட்டும். அதன் பிறகு, 13ஆம் பக்கத்தில், "அந்தப் பக்கம் பிடி" என்று நண்பன் டியூபை நீட்ட, பைக்குள் இருந்த வலது கை முதன்முறையாக வெளியே வருகிறது. அவன் மன்னித்தானா என்பதை நான் சொல்லவில்லை. தன்னோடு உட்கார்ந்து வேலை செய்ய இடம் கொடுத்தான், அவ்வளவுதான்.

வசனமில்லாத அந்த 12ஆம் பக்கத்தில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளியை வழக்கத்தைவிட அகலமாக விடுங்கள், மௌனம் நீளும்.

படி 5: மை, எழுத்து

அச்சில் பி5 அளவு வர வேண்டுமென்றால் ஏ4 தாளில், 150 × 220 மில்லிமீட்டர் உட்சட்டத்துக்குள் வரையலாம். கோட்டின் தடிமன் அழுத்தத்துக்கேற்ப மாறுவதால் உணர்ச்சிக் காட்சிகளுக்கு மையில் தோய்த்து வரையும் ஜி-பென் முனையையே நான் விரும்புகிறேன். ஸ்கேன் 600 டிபிஐக்குக் குறைய வேண்டாம். கணினியில் வரைவோருக்கு கிரிதா என்ற இலவச ஓவிய மென்பொருளே போதும். தமிழ் எழுத்துகளை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், பலூ தம்பி எழுத்துருவில் அமைக்கிறேன். செங்குத்தாக எழுதும் ஜப்பானிய மொழிக்கேற்ற ஒடுங்கிய பேச்சுக்குமிழில் நம் நீண்ட சொற்கள் உடைந்துவிடும் என்பதால், நேம் போடும்போதே குமிழ்களை அகலமாக வரைந்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

தவறிழைக்கப்பட்டவர் இறந்துவிட்டதாகக் கதை இருந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இறந்தவர் வானத்தில் தோன்றிப் புன்னகைப்பதைத் தயவுசெய்து வரையாதீர்கள். அந்த மன்னிப்பை நாயகனே தனக்கு வழங்கிக்கொண்டதாகிவிடும். இறந்தவரை இழந்து வாடும் தாய், தங்கை, கடைப் பங்காளி என யாரேனும் ஒருவர் முன் அவனை நிறுத்துங்கள். 4ஆம் படியில் சொன்னவை அனைத்தும் அவருக்கும் பொருந்தும். ஆனால் அவர் மறுத்துக் கதவைச் சாத்தவும் கூடும் என்பதால், 13ஆம் பக்கத்திலிருந்து இரண்டு விதமாகவும் நேம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.