ராஸ்பெர்ரி பையைப் பயண ரவுட்டராக்கும்போது கவனிக்க வேண்டியவை

ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு கணினியின் மெமரி கார்டில் ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூஆர்டி இயங்குதளத்தைப் பதிந்துகொண்டால், விடுதியின் வைஃபையைப் பெற்று, உங்கள் கருவிகள் அனைத்துக்கும் தனிக் கடவுச்சொல்லுடன் பகிர்ந்தளிக்கும் பயண ரவுட்டராக அதைப் பயன்படுத்தலாம். உள்ளமைந்த வைஃபை ஒன்றையே இரு வேலைகளுக்கும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீடியாடெக் எம்டி7612யு சிப் கொண்ட யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் சேர்த்து, விடுதி இணைப்பை அதனிடம் விட்டுவிடுங்கள். அதற்குரிய டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருளை), கம்பிவழி இணையம் கிடைக்கும் வீட்டிலேயே நிறுவிவிடுவது அவசியம்.

பலர் தடுமாறும் இடம், வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிதான். ஓபன்டபிள்யூஆர்டியின் இயல்பு முகவரியான 192.168.1.1 பல விடுதி ரவுட்டர்களிலும் இருப்பதால், இரண்டும் மோதி இணையம் கிடைக்காமல் போகும்; முன்கூட்டியே 192.168.77.1 என்பது போல் மாற்றிவிடுங்கள். அறை எண் கேட்கும் விடுதியின் உள்நுழைவுப் பக்கம் திறக்கவில்லையெனில், தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பிலுள்ள ரீபைண்ட் பாதுகாப்பு (உள்வலை முகவரியைத் தரும் பதில்களை நிராகரிப்பது) அதைத் தடுத்திருக்கக்கூடும் என்பதால், அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக அணைத்து உள்நுழைந்தபின் மீண்டும் இயக்குங்கள். ஓபன்டபிள்யூஆர்டியின் நிர்வாகக் கணக்குக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல்லே இருக்காது; முதல் வேலையாக அதை அமையுங்கள். மின்சாரத்துக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போதும்.