கண்ணில் படாத எஸ்எஸ்டி கெட்டுப்போன எஸ்எஸ்டி அல்ல: பழுதுபார்க்கும் தம்ப் டிரைவில் டிரைவர் ஏற்றும்போது நேரும் தவறுகள்

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடை மாடிகளிலும் சரி, வீட்டுக்கே வந்து பார்த்துக் கொடுப்பவர்களிடமும் சரி, பழுதான மடிக்கணினிக்கு முதல் வைத்தியம், நிறுவாமலே ஓடும் சிறிய விண்டோஸான விண்டோஸ் பிஇ போட்ட தம்ப் டிரைவ்தான். அதிலிருந்து பூட் செய்து, வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து, வட்டுகளின் பட்டியலைப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி, அதாவது தரவைச் சேமிக்கும் வட்டு, பட்டியலில் இல்லையென்றால், “எஸ்எஸ்டி போய்விட்டது அண்ணே, புதிதுதான் போடவேண்டும்” என்று தீர்ப்பு வந்துவிடும். பல நேரங்களில் அந்த எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை அடையாளம் காணும் டிரைவர் மென்பொருள் ஏறவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் படங்களும் கடைக் கணக்குகளும் நல்ல நிலையில் இருக்கும்போதே மின்கழிவுப் பெட்டிக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலிகளிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கட்டுப்பாட்டகத்தின் பின்னால் இருக்கிறது. அதற்குரிய இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் இல்லாவிட்டால் பிஇ சூழலுக்கு எஸ்எஸ்டி இருப்பதே தெரியாது. இங்கே செய்யும் முதல் தவறு, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணைப்பது. எஸ்எஸ்டி உடனே தெரியும், உண்மைதான். ஆனால் விஎம்டியோடு நிறுவப்பட்ட விண்டோஸ் அடுத்த முறை நீலத் திரையில் நின்றுவிடலாம். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். வாடிக்கையாளர் பலருக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது. பயாஸைத் தொடாமல் டிரைவரை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் தெரியவில்லையென்றால், டிஸ்க்பார்ட்டில் ‘ரீஸ்கேன்’ கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. உள்வட்டுதான் எப்போதும் ‘டிஸ்க் 0’ என்று நம்பி, வட்டின் பிரிவுகளை அழிக்கும் ‘கிளீன்’ கட்டளையை ஸ்கிரிப்ட்டில் எழுதி வைப்பது. எஸ்எஸ்டி தெரியாதபோது டிஸ்க் 0 என்பது உங்கள் தம்ப் டிரைவாகவே இருக்கலாம். தரவை மீட்கச் செருகிய வெளிவட்டாகவும் இருக்கலாம். வட்டின் அளவையும் மாடல் பெயரையும் கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

டிரைவரின் நிறுவி கோப்பை அப்படியே தம்ப் டிரைவில் போட்டு வைப்பவர்களும் உண்டு. பிஇயில் டிரைவர் ஏற்றும் ‘டிஆர்வி-லோட்’ கட்டளைக்கு வேண்டியது ஐஎன்எஃப் கோப்பு. அதோடு வந்த சிஸ், கேட் கோப்புகளும் அதே கோப்புறையில் இருக்க வேண்டும். கேட் கோப்பில்தான் கையொப்பம் இருக்கிறது. அது தேவையில்லை என்று நீக்கினால் டிரைவர் ஏறாமல் போகலாம். நிறுவியைப் பிரித்தெடுங்கள், அல்லது நன்றாக ஓடும் அதே மாடல் கணினியிலிருந்து டிஸ்ம் என்ற விண்டோஸ் கருவி வழியாக டிரைவர்களை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். 64 பிட் பிஇக்கு 64 பிட் டிரைவர் என்பதையும் மறக்கக் கூடாது.

தானாக ஏற்றும் ஸ்கிரிப்ட்டில் ‘டி டிரைவ்’ என்று எழுத்தைக் கட்டிப்போடாதீர்கள். பிஇ தானே எக்ஸ் எழுத்தில் நினைவகத்தில் ஓடுகிறது. மற்ற எழுத்துகள் ஒவ்வொரு கணினியிலும் மாறும். தம்ப் டிரைவில் தனிப் பெயரோடு ஓர் அடையாளக் கோப்பை வைத்து, எல்லா எழுத்துகளிலும் அதைத் தேடச் சொல்லுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பெரிய டிரைவர் மூட்டையை முழுவதுமாக ஏற்றுவதும் வேண்டாத வேலை. பூட் ஆக நேரமாகும். ஒரே சாதனத்துக்கு இரண்டு பதிப்புகள் மோதிக்கொள்ளலாம். ஆர்எஸ்டியின் ஒரே பதிப்பு எல்லாத் தலைமுறைக்கும் பொருந்துவதுமில்லை. சாதன அடையாள எண்ணைப் பாருங்கள். அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். அடுத்து வரும் எண் எந்தச் சாதனம் என்பதைச் சொல்லும். அதே எண் ஐஎன்எஃப் கோப்பிலும் இருந்தால் அதுதான் உங்களுக்கான டிரைவர். சேமிப்பகம், வலையமைப்பு, வேண்டுமானால் டச்பேட் டிரைவர்கள் போதும். ஒலியும் கிராஃபிக்ஸும் இங்கே எதற்கு?

வழக்கமான பிஇயில் வைஃபை சேவை கிடையாது. வைஃபை டிரைவரைத் தேடி மல்லுக்கட்டாமல் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றையும் அதன் டிரைவரையும் வைத்துக்கொள்ளுங்கள். பிஇ தொடங்கிய பிறகு அந்த டிரைவரை ஏற்றினால் வலையமைப்பைத் தனியாகத் தொடங்கிவைக்கவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிஆர்வி-லோட் ஏற்றியது நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். மறுதொடக்கம் செய்தால் போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் தம்ப் டிரைவில் பிஇ அடங்கியிருக்கும் பூட் விம் கோப்பை டிஸ்ம் மூலம் திறந்து சேர்த்து, மூடும்போது மாற்றத்தைச் சேமிக்க ‘கமிட்’ கொடுக்க வேண்டும். பிஇயில் ஏற்றிய டிரைவர், அதிலிருந்து நீங்கள் நிறுவும் புதிய விண்டோஸ் படிமத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. மறுதொடக்கம் செய்யும் முன்பே டிஸ்ம் மூலம் அந்தப் படிமத்திலும் சேமிப்பக டிரைவரைச் சேர்த்துவிடுங்கள்.