நாட்டுப்புற மரபிலிருந்து ஓவியமும் துணிப்படமும் செய்யும் முறை

நாட்டுப்புறக் கலையால் ஈர்க்கப்பட்டு ஏதேனும் செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மயிலையோ மீனையோ படியெடுத்து வண்ணம் தீட்டுவதில் தொடங்குகிறார்கள். உருவத்தை எடுப்பதற்கு முன் அது பிறந்த கைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

ஒரே ஒரு மரபைத் தேர்ந்துகொண்டு, அதன் வடிவத்தை அதன் பொருள்கள் எப்படித் தீர்மானித்தன என்று பாருங்கள். வங்கத்துக் காந்தா, நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத்தையல் போட்டு உருவான கலை. தாமரையைச் சுற்றி வரிவரியாக ஓடும் தையல் துணியைச் சற்றே இழுப்பதால் பரப்பெங்கும் சிற்றலை எழும். அதே தாமரையைப் புதுத்துணியில் அச்சிட்டால் அந்த அலை வராது.

பெரிய கலைஞர்களும் இவ்வழியில்தான் சென்றார்கள். ஐரோப்பிய முறையில் தேர்ச்சி பெற்றிருந்த ஜாமினி ராய், வங்க நாட்டுப்புற ஓவியத்தின் பக்கம் திரும்பியபோது எண்ணெய் வண்ணத்தையே கைவிட்டு, மண்ணும் விளக்குக்கரியும் போன்ற பொருள்களுக்கு மாறினார். அமெரிக்காவின் ஃபெய்த் ரிங்கோல்ட் 1972இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் ஒன்றில் தங்கா எனப்படும் திபெத்தியத் துணிச்சுருள் ஓவியங்களைக் கண்டு, ஓவியத்தைச் சுற்றித் துணியால் கரை தைத்துச் சுருட்டி எடுத்துச்செல்லும் முறையை மேற்கொண்டார். பின்னர் தையற்கலைஞரான தம் தாயாருடன் சேர்ந்து 1980இல் முதல் ஒட்டுத்துணிப் போர்வையைச் செய்தார்.

கை பழக மோலா மிக நல்ல பாடம். பனாமாவின் குனா பழங்குடிப் பெண்கள் தம் ரவிக்கையின் முன்புறத்திலும் பின்புறத்திலும் வைத்துத் தைக்கும் இத்துணிப்படத்தில், மேல்துணியை வெட்டி அடியிலுள்ள நிறத்தை வெளிக்கொணர்வார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று மெல்லிய பருத்தித் துணிகளைத் துவைத்துத் தேய்த்து, ஒரு சாண் சதுரங்களாக வெட்டி, கறுப்பு அடியிலும் சிவப்பு மேலிலும் வருமாறு அடுக்கி, நீண்ட தையலால் இணைத்துக்கொள்ளுங்கள். மேல்துணியில் சுண்ணக்கட்டியால் வரைந்த கோட்டில், கூர்நுனிக் கத்தரிக்கோலால் மேலடுக்கை மட்டும் இரண்டு விரற்கடை அளவே வெட்டுங்கள். முழுக்கோட்டையும் ஒரேயடியாக வெட்டினால் துணி நழுவும். வெட்டிய விளிம்பை ஊசிமுனையாலேயே சுமார் 3 மில்லிமீட்டர் உள்ளே மடித்து, சிவப்பு நூலால், மடிப்பின் ஓரத்தை மட்டும் கவ்வுமாறு நெருக்கமாகத் தையுங்கள். உட்குழிந்த வளைவில் விளிம்புக்குச் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் அது மடங்கும். உள்மூலையில் இழை பிரியும் என்பதால் அங்கே இரண்டு மூன்று தையல் கூடுதலாக வேண்டும். வெளிப்பட்ட மஞ்சளையும் அவ்வாறே சிறிதாக வெட்டி மடித்தால் கறுப்பு தெரியும். முதல் சதுரம் கோணலாகத்தான் வரும். அதைப் பிரித்துத் திருத்த முயலாதீர்கள், இழை நைந்த விளிம்பு மறுமுறை ஒழுங்காக மடங்காது. அடுத்த சதுரத்தைத் தொடங்குங்கள்.

கை பழகிய பிறகு படத்தின் கருப்பொருளை உங்கள் வாழ்விலிருந்து எடுங்கள். சிலியில் 1973க்குப் பின் வந்த இராணுவ ஆட்சியில், காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் கோணித்துணியில் கந்தல்களைத் தைத்து, தங்கள் தேடலையும் இழப்பையும் படமாக்கினார்கள். அர்பியேரா எனப்படும் அத்துணிப்படங்களில் உள்ள சிறு பொம்மை உருவங்களை மட்டும் அழகுக்காக எடுத்துப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதன்று. வழிபாட்டுக்குரிய உருவங்களையும், அவற்றின் பொருளை அறியாதவரை, தொடாமல் விடுவது நல்லது.

1925இல் தம் உடையையும் வழக்கங்களையும் பனாமா அரசு ஒடுக்கியபோது குனா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்படிக் காக்கப்பட்ட கைமுறையைக் கடன்வாங்கும் நாம் அவர்கள் பெயரை மறைப்பது நியாயமாகாது. எனவே நீங்கள் செய்ததை மோலா என்று சொல்லி விற்காதீர்கள். துணியின் பின்புறத்தில், குனா பெண்களின் தையல்முறையைப் பின்பற்றியது என்ற குறிப்போடு உங்கள் பெயரையும் ஆண்டையும் தைத்துவிடுங்கள்.