நாலு பக்கப் பள்ளிச் செய்தித்தாள்: ஒரு மாதத்தில் ஓர் இதழ் கொண்டுவருவது எப்படி

பள்ளிச் செய்தித்தாள்கள் பல, ஆண்டு மலரின் குட்டிப் பதிப்பாகவே முடிந்துவிடுகின்றன: ஒரு வாழ்த்துரை, இரண்டு கவிதை, பரிசளிப்பு விழாப் படம், மிச்ச இடத்தில் பொன்மொழி. இவை இருப்பதில் தவறில்லை. ஆனால் படிப்பவருக்கு அதுவரை தெரியாத ஒரு விஷயமாவது முதல் பக்கத்தில் இருந்தால்தான் அது செய்தித்தாள். அதற்கு அழகாக எழுதத் தெரிந்தவர்களைவிட, போய்க் கேட்கத் தயங்காதவர்கள்தான் முதலில் வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு ஓர் ஏ3 தாள் போதும். நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். ஒருபுறம் 4ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறுபுறம் 2ஆம் பக்கமும் 3ஆம் பக்கமும் அச்சாகும். இந்த வரிசை குழம்பினால் அடித்த தாள் அத்தனையும் வீண். அதனால் வெள்ளைத்தாள் ஒன்றை மடித்து, பக்க எண் எழுதி, அதையும் அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள். விஷயம் அதிகமாக இருக்கிறதென்று நடுவில் ஒற்றைத் தாளைச் செருக வேண்டாம். அது கீழே விழுந்து தொலையும். கூடுதல் பக்கம் வேண்டுமென்றால் எட்டுக்குப் போங்கள்.

நான்கு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். இதழாசிரியர் ஒருவர், பிழை திருத்த இருவர், செய்தி சேகரிக்க ஐந்தாறு பேர், படம் எடுக்க ஒருவர், பக்கம் அமைக்க இருவர். இதழாசிரியர் 9 அல்லது 11ஆம் வகுப்பில் இருப்பது நல்லது. 10, 12 படிப்பவர்கள் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகளில் மூழ்கிவிடுவார்கள். ஜனவரி இதழ் அதோடு நின்றுபோகும்.

அச்சுக்குப் போகும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். முதல் வாரம் கூடிப் பேசி, யாருக்கு எந்தச் செய்தி, எத்தனை சொல் என்று முடிவு செய்யுங்கள். இரண்டாம் வாரம் அலைந்து திரட்டுவது, மூன்றாம் வாரம் எழுதித் திருத்துவது, நான்காம் வாரம் பக்கம் அமைப்பதும் அச்சும். சொல் கணக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைப்பும் ஒரு படமும் போக, 11 புள்ளி எழுத்தில் ஓர் ஏ4 பக்கத்தில் சுமார் 300 தமிழ்ச் சொற்கள்தான் நெருக்கடி இல்லாமல் அமரும். ஒரு பக்கத்துக்கு 150 சொல்லில் இரண்டு செய்தி. அவ்வளவுதான் இடம். கணக்குச் சொல்லாமல் விட்டால் 700 சொல் கட்டுரை வரும்; கடைசி நாளில் எழுத்தைச் சிறிதாக்கித் திணிப்பீர்கள்.

இனி, செய்தி. ‘பள்ளியில் குடிநீர்ப் பிரச்சினை’ என்று ஒருவர் எழுதி வந்தால் அதை வாங்காதீர்கள். எண்ணி வரச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை குழாய், எத்தனையில் தண்ணீர் வருகிறது, எந்தத் தேதியிலிருந்து, மதிய இடைவேளையில் வரிசையில் எத்தனை பேர்? ஒரே நாளில் பார்த்தது தற்செயலாக இருக்கலாம், மூன்று நாள் பார்க்கட்டும். பிறகு முதல் பத்தி தானாக அமையும்: ‘கிழக்குக் கட்டடத்தின் 8 குடிநீர்க் குழாய்களில் 3, ஜூலை 4 முதல் வேலை செய்யவில்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் பைப் அடைத்துக்கொண்டதே காரணம் என்றும், திங்கட்கிழமைக்குள் சரிசெய்யப்படும் என்றும் தலைமையாசிரியர் தெரிவித்தார்.’ இதில் யாரையும் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வேலை நடக்கும். திங்கட்கிழமை போய்ப் பார்த்து அடுத்த இதழில் எழுதுவதும் உங்கள் பொறுப்பு.

கேள்வி கேட்பதிலும் முறை உண்டு. தண்ணீர்த் தொட்டியைக் கவனிக்கும் பணியாளரிடம் “தண்ணி நல்லா வருதாண்ணா?” என்றால் “வருதுப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “தொட்டியைக் கடைசியா எப்பண்ணா கழுவினீங்க? அதுக்கு எத்தனை பேர் வேணும்?” என்று கேட்டால் செய்தி கிடைக்கும். செல்போனில் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் சொன்னதை மேற்கோளாகப் போடுவதானால் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். காவலாளி, தூய்மைப் பணியாளர் போன்றவர்கள் பலர் ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள். அவர்கள் பெயர் அச்சில் வருவதே அவர்களுக்குச் சிக்கலாகலாம். பெயர் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிட்டு, அதே தகவலைப் பொறுப்பில் உள்ளவரிடம் கேட்டு வாங்குங்கள். ஓர் இதழுக்காக ஒருவர் வேலை போகக் கூடாது.

சட்டத்திலும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டச் சிக்கலில் மாட்டிய சிறுவர், குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறுவர் ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. பெயரை மாற்றிவிட்டு ‘9ஆம் வகுப்பு பி பிரிவு மாணவி’ என்று எழுதினால் பள்ளிக்குள் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும், அதுவும் வெளியிட்டதாகவே ஆகும். மதிப்பெண் பட்டியலிலும் இதே கவனம் தேவை. பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிப்பதைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது. பள்ளி இதழ் அதைத் தொடர வேண்டியதில்லை.

தலைமையாசிரியர் பார்க்காமல் எந்த இதழும் அச்சுக்குப் போகாது. முடித்த பக்கத்தைக் கடைசி நாள் மாலையில் நீட்டினால், எதையாவது எடுக்கச் சொன்னால் மாற்றுவதற்கு நேரம் இருக்காது. கொஞ்சம் சூடான விஷயம் என்றால் முதல் வாரமே வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளி நிர்வாகத்தின் பதிலையும் அதே செய்திக்குள் சேருங்கள். அப்படியும் ‘வேண்டாம்’ என்றால், எந்த வரி பிரச்சினை என்று மரியாதையோடு கேளுங்கள். பல நேரம் ஒரு வரியை மாற்றினாலே செய்தி பிழைத்துவிடும்.

பக்கம் அமைக்கும்போது அதிகம் படுத்துவது எழுத்துருதான். போனில் அடிப்பது யூனிகோட் என்னும் பொது எழுத்துக் குறியீட்டு முறை. சில அச்சகங்களின் பழைய மென்பொருள்கள் தனிக் குறியீட்டு முறை கொண்ட பாமினி போன்ற எழுத்துருக்களுக்குப் பழகியவை. அதில் யூனிகோடைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். நீங்களே லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் யூனிகோடில் அமைத்து, பிடிஎஃப்பாக மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. வேர்டு கோப்பை அப்படியே கொடுக்காதீர்கள், வேறு கணினியில் வரிகள் நகர்ந்துவிடும். பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் (காலம்) பிரித்தால் வரிகளை இருபுறமும் நேராக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் இழுத்தால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். இடப்புறம் மட்டும் நேராக்கினால் போதும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், இல்லையேல் தரம் குறைந்துவிடும். 8 செ.மீ. அகலத்தில் தெளிவாக அச்சாகப் படத்தின் அகலம் 900 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். கறுப்பு வெள்ளை ஜெராக்சில் முகங்கள் இருண்டு போகும், அதனால் முன்பே கொஞ்சம் வெளிச்சம் கூட்டிவிடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, இனிஷியலோடு, எடுத்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பிழை திருத்துவதைத் திரையில் செய்யாமல் அச்செடுத்த தாளில் செய்யுங்கள். ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலப்பிரதியைப் பார்த்தபடி வரட்டும். ல, ள, ழ குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் காதிலேயே பாதி பிடிபடும். பிறகு பேனாவால் பெயர், எண், தேதி மூன்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். முதல் பக்கத் தலைப்பைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள்; பெரிய எழுத்தில் உள்ள பிழைதான் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பும்.

வகுப்புக்கு ஐந்து பிரதி, அறிவிப்புப் பலகையில் ஒன்று என்றால் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஜெராக்சிலேயே செலவு அடங்கும். பிரதிகள் ஆயிரக்கணக்கில் போனால் ஆப்செட் மலிவு. கடைசிப் பக்கத்தின் அடியில் வெளியிடுபவர் பெயரும் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரியும் இருக்கட்டும். அச்சான பிறகு தவறு தெரியவந்தால், அடுத்த இதழில் அதே பக்கத்தில், எது தவறு, எது சரி என்று ‘திருத்தம்’ போடுங்கள். பெயர் தப்பாக வந்தவரை அதற்கு முன்பே நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.