பிள்ளைக்கு வீசிங் இருந்தால், லண்டனில் வீடு எடுக்கும் முன்

ஜிபியில் (குடும்ப மருத்துவரிடம்) பதிவதற்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழ் மருந்துக்குக் காசு இல்லை. நீல இன்ஹேலர் மூச்சு முட்டும்போது. பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் வரும் தடுப்பு இன்ஹேலர், இருமல் இல்லாத நாளிலும் தினசரி. பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டுக்கும் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் வீடு கவிழ்த்துவிடும். ஆகஸ்டில் பார்க்கும்போது புதுப் பெயிண்ட் பளபளக்கும். நவம்பரில் அதே சுவரில் கரும்பூஞ்சை. அதனால் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியை நகர்த்திப் பாருங்கள், ஜன்னல் ரப்பரைப் பாருங்கள். குளியலறை ஃபேனை ஓடவிட்டு அதில் டிஷ்யூ தாளை வையுங்கள். ஒட்டாவிட்டால் அந்த ஃபேனால் பயனில்லை. அடுப்புக்கு மேலே உள்ள ஹூட் வெளியே குழாய் போகாத வகையென்றால் தாளிப்புப் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். ஜன்னலைத் திறந்து சமைப்பதே வழி. சாம்பிராணியைப் பிள்ளை தூங்கும் வீட்டில் விட்டுவிடுங்கள், சாமி கோபிக்காது.

பூஞ்சை வந்ததும் ஏஜென்ட் ஒப்பிக்கும் பாடம் ஒன்றுதான்: "துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், அதிகம் சமைக்கிறீர்கள்." துணி விஷயம் ஓரளவு உண்மை. ஆனால் கசியும் குழாயும் ஈரம் ஊறும் சுவரும் உங்கள் சமையலால் வந்தவை அல்ல. ஈரப்பத மானி ஒன்று வாங்கி வையுங்கள். ஜன்னல் திறந்து, ஹீட்டிங் போட்டும் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் அந்த அளவைத் தேதியோடு படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது சாட்சிக்கு நிற்காது. பூஞ்சையின் மேல் பெயிண்ட் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், அடுத்த குளிரில் திரும்ப வரும். ஏஜென்ட் அசையவில்லையென்றால் கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். 2004 வீட்டுவசதிச் சட்டப்படி தனியார் வீட்டையும் அவர்கள் சோதிக்கலாம். கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கற்ற வாடகை வீட்டு அமைப்பு) வீடுகளுக்கு 2025 அக்டோபரிலிருந்து அவாப் சட்டம் உண்டு: அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை, கடும் ஈரமும் பூஞ்சையுமென்றால் 10 வேலை நாளில் ஆய்வு. ரோச்டேலில் பூஞ்சை வீட்டில் வாழ்ந்து 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெயர் அது.

பெருந்தெருவைப் பார்த்த அறையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். லூவிஷமில் சவுத் சர்குலர் சாலையருகே வளர்ந்த எல்லா என்ற சிறுமி, ஒன்பது வயதில் 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை பதிந்தது. பள்ளிக்கு உள்தெரு வழியே நடத்திக் கூட்டிப் போங்கள்.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சளியோடு வீசிங் ஏறும். பெயரெழுதிய நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் பள்ளியில் இருக்கட்டும். மூச்சுத் திணறினால் 30 முதல் 60 வினாடிக்கு ஒன்றாகப் பத்து பஃப் வரை. அதற்கும் அடங்காவிட்டால் 999 அவசர எண்ணை அழையுங்கள்.